அக்கா பேரில் போட்ட ஊசி

விடியற்காலை நாலேகால் மணி. அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தபோது நான் முதலில் பார்த்தது என் மனைவியின் விரல்நுனிகளை. நாளெல்லாம் ஆற்றில் நின்று துணி வெளுத்தவளின் விரல்களைப் போல அவை வெளுத்துச் சுருங்கியிருந்தன. முன்னிரவில் அதே விரல்களால்தான் எனக்குச் சோறு போட்டாள். அப்போது அவற்றில் ஒரு மாற்றமும் இல்லை.

என்னை எழுப்பியவன் அவள் தம்பி முத்தையா.

“எந்திரிங்க மச்சான். அக்கா வாயசைக்குது, சத்தம் வர மாட்டேங்குது.”

செல்லம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் குழிக்குள் போயிருந்தன. கெண்டைக்கால் சதை முடிச்சு முடிச்சாக இழுத்துக்கொண்டிருந்தது. நான் அசந்து தூங்கிய நேரத்தில் அவள் கொல்லைக்கும் அறைக்குமாக நடந்து, பிறகு நடக்க முடியாமல் ஒரு பானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அதில் இருந்தது அரிசி களைந்த தண்ணீர் போல இருந்தது. வாடையும் அதிகமில்லை.

நான் மதுரையில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவியாசிரியன். கோடை வந்தால் வாந்திபேதிச் செய்திகளை எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. அரிசி களைந்த தண்ணீர், குழிவிழுந்த கண், கம்மிப்போன குரல் என்று எத்தனையோ தடவை அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அவள் கையை ஆட்டி ஏதோ சொன்னாள். பக்கத்தில் குனிந்து கேட்டேன். “பாப்பாவ எடுத்துட்டுப் போங்க” என்றாள். காற்று மட்டும் வந்தது. எங்கள் மகள் மீனாவுக்கு அப்போது ஐந்து மாதம். தாய்ப்பால் தவிர வேறெதுவும் அவள் வாயில் பட்டதில்லை. முத்தையாவின் மனைவி பொன்னுத்தாயி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து குழந்தையைத் தூக்கினாள். அவளுக்கும் கைக்குழந்தை ஒன்று இருந்தது, எட்டுமாதப் பையன்.

“மதினி, நீங்க பிள்ளைய நெனைக்காதீக. ரெண்டும் ஏங்கிட்ட இருக்கும்” என்றாள்.

நாங்கள் குடியிருந்தது கோரிப்பாளையத்தில், தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில். எதிர்வீட்டுக் காதர் ஜட்கா ஓட்டுகிறவர். வாந்திபேதி கண்டவரை வண்டியில் ஏற்றினால் பிறகு ஒரு மாதத்துக்குச் சவாரி வராது. அது தெரிந்தும் அவரே குதிரையைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“அண்ணே, வண்டி நனையும்” என்றேன்.

“நனஞ்சா கழுவிக்கிருவோம் தம்பி. தங்கச்சிய மெதுவாத் தூக்குங்க.”

உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு மறுவருடத்துச் சித்திரை அது. அழகர் ஆற்றில் இறங்கி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த செல்லம்மா, திருவிழாவை ஒட்டித்தான் குழந்தையோடு வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து திரும்பினாள். தம்பியும் தம்பி மனைவியும் கூடவே மாட்டுவண்டியில் வந்தார்கள். வைகை மணலில் ஊற்றுத் தோண்டி எல்லாரும் தண்ணீர் குடித்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு ஏற்பக் குழிகள், குழிகளுக்கு மேலே நடமாட்டம். “சுகாதார ஏற்பாடுகள் திருப்திகரமாக இருந்தன” என்று திருவிழாச் செய்தியில் நான் எழுதியிருந்தேன்.

தொத்துநோய் ஆஸ்பத்திரி என்பது ஊருக்கு வெளியே நீளமாகப் போட்ட ஓலைக் கொட்டகைகள். தரையெல்லாம் சுண்ணாம்பு. பிளீச்சிங் பவுடர் நெடி வாசலிலேயே மூக்கைப் பிடித்தது. கட்டில்களுக்கு நடுவில் வட்டமாக ஓட்டை வெட்டி, அடியில் வாளி வைத்திருந்தார்கள். நோயாளி எழ வேண்டியதில்லை. முதலில் அதைப் பார்க்கும்போது மனம் கூசும். அரை நாளில் அதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று தோன்றிவிடும்.

பொறுப்பில் இருந்தவர் ஒரு டாக்டரம்மா. மிஷன் வைத்தியப் பள்ளியில் படித்து வந்தவர், நாற்பது வயதிருக்கும். செல்லம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார், பிறகு முழங்கை மடிப்பைத் தொட்டார், பிறகு கழுத்தை. நாடி மணிக்கட்டில் இல்லை. கழுத்தில் இருந்தது.

“திருவிழா ஊசி போட்டிருக்கா?”

“போட்டிருக்கு” என்றேன். ஊருக்குள் நுழையும் இடத்தில் சுகாதாரக்காரர்கள் வண்டிகளை நிறுத்தி எல்லாருக்கும் காலரா ஊசி போட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். வந்து இறங்கியதும் முத்தையாவை நான் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். ‘எல்லாருக்கும் ஆச்சு மச்சான்’ என்றான்.

“எந்தக் கையில?” என்று டாக்டரம்மா செல்லம்மாவின் ரவிக்கைக் கையை உயர்த்தினார். இரண்டு புஜத்திலும் தழும்பில்லை, தடிப்பில்லை.

முத்தையா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். “போட்டாச்சு டாக்டரம்மா” என்றான். “அக்காவுக்குள்ளதையும் நாந்தான் போட்டுக்கிட்டேன். இந்தக் கை எனக்கு. இந்தக் கை அக்காவுக்கு. அக்கா பேரச் சொல்லித்தான் குத்தச் சொன்னேன்.”

சட்டையைத் தூக்கிக் காட்டினான். இரண்டு புஜங்களும் இன்னும் லேசாகச் சிவந்திருந்தன.

டாக்டரம்மா அவனைத் திட்டவில்லை. நர்சிடம் உப்புநீர் கொண்டுவரச் சொன்னார். எங்களை வெளியே போகச் சொன்னார்.

காலரா எப்படிக் கொல்கிறது என்பதை அன்று காலை வராந்தாவில் நின்றபடி தெரிந்துகொண்டேன். ரத்தத்தில் இருக்கவேண்டிய தண்ணீரும் உப்பும் குடல் வழியாக வெளியே ஓடிவிடுகின்றன. மிஞ்சுகிற ரத்தம் குழம்பாகத் தடித்து, ஓட முடியாமல் நின்றுவிடுகிறது. வாயால் கொடுக்கும் தண்ணீர் உடனே வெளியே வந்துவிடும். ஆகவே முழங்கையில் நரம்பைக் கீறி, ஒரு சிறு வெள்ளிக் குழாயைச் செருகி, உயரத்தில் தொங்கும் கண்ணாடிக் குடுவையிலிருந்து உப்புக் கரைத்த நீரை நேராக ரத்தத்திலேயே விடுகிறார்கள். எவ்வளவு விடுவது என்பதற்கும் ஒரு வழி இருந்தது. வெவ்வேறு அடர்த்தியுள்ள திரவங்களைச் சிறு புட்டிகளில் வைத்திருந்தார்கள். நோயாளியின் ரத்தத்தில் ஒரு சொட்டை ஒவ்வொன்றிலும் விட்டு, எதில் மிதக்கிறது, எதில் மூழ்குகிறது என்று பார்த்து முடிவு செய்தார்கள்.

முதல் குடுவை இறங்கும்போதே மணிக்கட்டில் நாடி வந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னாள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். செல்லம்மா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் இலை நிமிர்வதற்கு அரை நாளாவது ஆகும். இது அதைவிடச் சீக்கிரமாக நடந்தது.

முத்தையா தன் அக்காவுக்காக ஊசி போட்டுக்கொண்டதற்கு ஒரு பின்னணி உண்டு.

முந்தின ஐப்பசியில் எங்கள் ஆபீசுக்கு ஒரு தந்தி வந்தது. காலரா ஊசியைக் கண்டுபிடித்தவர் ஐரோப்பாவில் காலமானார் என்ற செய்தி. இரண்டே வரி. ஆசிரியர் அதை என்னிடம் தள்ளி, “நம்ம தேசத்துல ரொம்ப நாள் இருந்தவர்யா. அரைப் பத்தி எழுது” என்றார். பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளைப் புரட்டி எழுதினேன். ருஷ்யாவில் பிறந்தவர். பாரிசில் வேலை செய்தவர். காலராக் கிருமியை வலுவிழக்கச் செய்து, அதையே மருந்தாக உடம்பில் ஏற்றினால் உடம்பு நோயை எதிர்க்கப் பழகிக்கொள்ளும் என்று கண்டார். மிருகங்களில் பார்த்தாயிற்று. மனிதனில் பார்க்க வேண்டும். முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்து இறங்கியது. பிறகு இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தாச் சேரியில் மக்கள் கல்லெறிந்தபோது, அவரும் உடன் வந்த டாக்டர்களும் அங்கேயே, அவர்கள் கண்முன்னால், தங்களுக்கு ஊசி போட்டுக் காட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். பிற்பாடு பம்பாயில் பிளேக் நோய்க்கு ஊசி செய்தபோதும் முதல் கை அவருடையதுதான். இப்போது போடுகிற காலரா ஊசியில் இருப்பவை கொன்ற கிருமிகள். வழி அவர் காட்டியது.

கார்த்திகைத் தீபத்துக்கு மாமனார் வீட்டுக்குப் போனபோது அந்தப் பத்திரிகையைக் கொண்டுபோனேன். அந்த வீட்டில் ஊசி என்றால் எல்லாருக்கும் பயம். பயம் தெளியட்டும் என்று உரக்க வாசித்துக் காட்டினேன். ‘மக்களுக்காக முதல் ஊசியைத் தம் உடலில் ஏற்றுக்கொண்டார்’ என்று ஒரு வரி அதில் உண்டு. மற்றவர்கள் ‘ம்’ கொட்டினார்கள். முத்தையா மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான்.

அவனுக்கு அது புதிய விஷயமாகப் படவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாவிட்டால் இன்னொருவர் நேர்ந்துகொள்வார். மகனுக்கு அம்மை போட்டால் தாய் தீச்சட்டி எடுப்பாள். மனைவிக்காகப் புருஷன் முடியிறக்குவான். செல்லம்மாவின் பிரசவம் நல்லபடி ஆவதற்கு முத்தையாதான் பால்குடம் எடுத்தான். அந்த ருஷ்யர் ஊருக்காகத் தன் கையில் குத்திக்கொண்டார் என்றால், ஓர் அக்காவுக்காகத் தம்பி குத்திக்கொள்ளக்கூடாதா? அன்று வண்டியை நிறுத்தியபோது ஊசி போட ஆண்கள்தான் இருந்தார்கள். நர்ஸ் மறுநாள்தான் வருவாள். பெண்கள் வண்டிக்குள்ளேயே இருந்துகொண்டார்கள். முத்தையா ஒரு கையில் போட்டுக்கொண்டு, வரிசையைச் சுற்றி வந்து, செல்லம்மாள் என்று பெயர் சொல்லி மறுகையை நீட்டியிருக்கிறான். வெயிலில் களைத்துப்போயிருந்தவர்கள் யாரும் அண்ணாந்து முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தான். பிரயாணக் களைப்பு என்று நாங்கள் கஷாயம் கொடுத்தோம்.

இதெல்லாம் வராந்தாவில் அவன் வாயிலிருந்து துண்டு துண்டாக வந்தது. குழந்தைகளைக் காதர் வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு, செல்லம்மாவுக்கு மாற்றுத்துணி கொண்டு வந்திருந்த பொன்னுத்தாயி வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப எனக்கு யாரு போட்டுக்கிட்டா?” என்றாள்.

“புருசனுக்குப் போட்டா பொண்டாட்டிக்கும் சேர்த்தித்தான.”

“நல்லாருக்கே! அக்காவுக்கு முழுசா ஒரு கை. எனக்கு மட்டும் பாதியில பங்கா?”

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முத்தையா சிரிக்கவில்லை. டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் எழுந்து போய் அவர் முன்னால் நின்றான்.

“நான் வலது கையில போட்டதுனால தப்பாயிருச்சா டாக்டரம்மா? பொம்பளைக்கு இடது கையில போடணுமோ?”

அவர் அவன் பக்கம் திரும்பினார். “சாமி யார் பேருக்கு எடுத்தாலும் ஏத்துக்கிரும்ப்பா. உடம்பு அப்படியில்ல. எந்த உடம்புல குத்துறமோ அந்த உடம்புதான் கத்துக்கிரும். நீ ரெண்டு தடவ கத்துக்கிட்டே. அவங்க ஒரு தடவகூடக் கத்துக்கல.”

“அப்ப அக்காவுக்குப் போட்டிருந்தா வந்திருக்காதா?”

“வந்திருக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். போட்டவங்களுக்கும் சில சமயம் வருது. ரொம்பக் குறைச்சலா வரும்.”

இந்தப் பதில் அவனுக்கு ஆறுதலா, இல்லையா என்று தெரியவில்லை. திரும்பி வந்து தூணடியில் உட்கார்ந்தான்.

உப்புநீர் நாடியைக் கொண்டுவந்தது. ஆனால் அபாயம் போகவில்லை. காலராவில் இரண்டாவது கண்டம் ஒன்று உண்டு. ரத்தம் ஓடாமல் கிடந்த நேரத்தில் சிறுநீரகங்கள் வேலையை நிறுத்திவிடும். நோயாளிக்கு வாந்தி நிற்கும், பேதி நிற்கும், பார்க்கிறவர்கள் பிழைத்துவிட்டாள் என்று நினைப்பார்கள். சிறுநீர் மட்டும் பிரியாது. கழிவெல்லாம் ரத்தத்திலேயே தங்கி, விக்கல் வந்து, மயக்கம் வந்து, அப்படியே போய்விடுவார்கள். செல்லம்மாவுக்கு முதல் நாள் முழுதும் சிறுநீர் பிரியவில்லை. இரவும் இல்லை. இடுப்பில் வெந்நீர்ப் பை வைத்தார்கள். மறுபடி உப்புநீர் ஏற்றினார்கள். பார்லித் தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாகப் புகட்டினார்கள்.

அந்தக் கொட்டகையில் எல்லாரும் கேட்டுக்கொண்ட ஒரே கேள்வி ‘ஒண்ணுக்குப் போயாச்சா?’ என்பதுதான். அடுத்த கட்டில்காரரின் தாயார் என் பக்கம் திரும்பிக் கேட்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். நான் அவரைக் கேட்பேன். காதர் அண்ணன் பாலத்தைக் கடந்து வரும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, வேலியோரம் வந்து அதையே கேட்டார். கேட்டுவிட்டு, தங்கச்சியைப் பற்றி இப்படிக் கேட்க நேர்ந்ததே என்பதுபோல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

இரண்டாம் நாள் பகலில் அவளுக்கு விக்கல் கண்டது. முத்தையா சாப்பிடவில்லை. பொன்னுத்தாயி தூக்குவாளியில் அனுப்பிய சோறு அப்படியே இருந்தது.

“தின்னு மாப்ள” என்றேன்.

“எறங்காது மச்சான்.” கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ருஷ்யாக்காரரு, அவரு போட்ட ஊசியில யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லையா?” என்று கேட்டான்.

ஆனது. அரைப் பத்தியில் இடமில்லாமல் நான் விட்டுவிட்ட பகுதி அது. பஞ்சாபில் ஒரு கிராமத்தில் பிளேக் ஊசி போட்டார்கள். ஒரே ஒரு புட்டி மருந்து கெட்டுப்போயிருந்தது. அதிலிருந்து போட்டுக்கொண்டவர்கள் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்து இறந்தார்கள். பழி முழுதும் அவர்மேல் விழுந்தது. வேலையிலிருந்து ஒதுக்கிவைத்தார்கள். அவர் இடத்தில் மருந்து கெடவில்லை, கிராமத்தில் புட்டியைத் திறந்தபோது கீழே விழுந்த ஒரு கருவியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் உபயோகித்ததுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் எழுதினார்கள். கடைசியில் சர்க்காரும் இறங்கி வந்தது. இதை முத்தையாவுக்குச் சொன்னேன்.

“எம்புட்டு நாள் கழிச்சு?”

“சில வருஷம் ஆச்சு.”

“அம்புட்டு வருசமும் அந்த மனுசனுக்குச் சோறு எறங்கியிருக்குமா மச்சான்?”

எனக்குத் தெரியாது என்றேன். எந்தச் சஞ்சிகையிலும் அது எழுதியிருக்கவில்லை.

தூக்குவாளியைத் திறந்து நான் முதலில் ஒரு வாய் சாப்பிட்டேன். பிறகு அவன் பக்கம் நகர்த்தினேன். சோற்றை அளைந்துகொண்டே இருந்தான். அவன் மேல் எனக்குக் கோபம் வந்ததா என்று பிறகு பலர் கேட்டார்கள். வரவில்லை. இருபத்துநாலு வயதுக் காளை போன்றவன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அவை தன்னுடையவை இல்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்தவர்களுக்குக் கோபம் வராது.

அன்று சாயங்காலம் பொன்னுத்தாயி இரண்டு குழந்தைகளையும் இரு இடுப்பிலும் வைத்துக்கொண்டு வந்தாள். கொட்டகைக்குள் குழந்தைகளை விட மாட்டார்கள். வேலிக்கு வெளியே ரோட்டோரத்தில் ஒரு புங்கமரம் நின்றது. செல்லம்மாவின் கட்டிலுக்கு நேரே தட்டியைத் தூக்கிக் கட்டினால் அந்த மரம் தெரியும். நர்ஸ் தானாகவே வந்து தட்டியைத் தூக்கிக் கட்டினாள். பொன்னுத்தாயி ஒரு குழந்தையைக் காதர் அண்ணனிடம் கொடுத்துவிட்டு மற்றதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

“பாப்பா தெரியுதா?” என்று நான் கேட்டேன்.

செல்லம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தாள். “அது அவ மகன்” என்றாள். இன்னும் காற்றாகத்தான் வந்தது. “தூக்குறதப் பாருங்க. அவன் கனத்தவன், அவளுக்குக் கை நடுங்குது. நம்ம பிள்ளைன்னா இப்பிடித் தூக்க மாட்டா.”

சொன்னது சரிதான். பொன்னுத்தாயி பையனை இறக்கிவிட்டு மீனாவை வாங்கினாள். மீனாவை அவள் தலைக்கு மேலே தூக்கவில்லை. மார்போடு அணைத்தபடி வேலியில் ஒட்டி நின்று, முகத்தை மட்டும் எங்கள் பக்கம் திருப்பினாள்.

“பால் குடிச்சாளான்னு கேளுங்க.”

நான் உரக்கக் கேட்டேன்.

“மொத நாள் மொகத்தத் திருப்பிக்கிட்டா அண்ணே! கத்தித் தீத்துட்டா. பசி எடுக்கவும் கடிச்சு இழுக்கா. எம்மகன் பாத்துக்கிட்டே அழுகுறான்!”

செல்லம்மா சிரிக்க முயன்றாள், விக்கல் வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். விரல்நுனியில் சுருக்கம் நீங்கியிருந்தது. டாக்டரம்மா வந்து விக்கலைக் கேட்டார், இமையைத் தூக்கிப் பார்த்தார், இன்னொரு குடுவை கொண்டுவரச் சொன்னார். அந்த இரவைப் பற்றி எழுத அதிகமில்லை. உப்புநீர்க் குடுவை ஒன்று தீர்ந்ததும் இன்னொன்று வந்தது. அடுத்த கட்டில் காலியானது. அந்தத் தாயார் போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது முத்தையா ஓடிவந்தான். ஓடிவந்தவன் பேச முடியாமல் கொட்டகையைக் கையால் காட்டினான். நானும் ஓடினேன்.

நர்ஸ் ஓர் அளவுக் கண்ணாடியைக் கையில் வைத்திருந்தாள். அடியில் கொஞ்சமாக, கரும்புச்சாறு நிறத்தில் இருந்தது. டாக்டரம்மா அதை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.

“ரெண்டு அவுன்சுகூடத் தேறாது” என்றார். பிறகு சிரித்தார். அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். “போதும். ஆரம்பிச்சிருச்சு.”

முத்தையா அந்தக் கண்ணாடியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

“கிறுக்கா, எதக் கும்பிடுறே?” என்றாள் செல்லம்மா கட்டிலிலிருந்து. நோய் கண்ட பிறகு அவள் குரல் எனக்குக் காதில் விழுந்தது அப்போதுதான். அதற்கு முன் வந்ததெல்லாம் காற்று. நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். வேலியோரம் வண்டியை நிறுத்தியிருந்த காதர் அண்ணன் என் முதுகைப் பார்த்துவிட்டு, வேறு மாதிரி நினைத்துக்கொண்டு தலைத்துண்டை அவிழ்த்தார். முத்தையா ஓடிப்போய்ச் சொன்னான். அவர் துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு, “இதச் சொல்ல வேண்டியதுதானடா மொதல்ல” என்று அவனைக் கண்டபடி வைதார்.

அதற்குப் பிறகு குணமாவது மெல்ல நடந்தது. பார்லி, இளநீர், மோர்த்தண்ணீர், குழைந்த கஞ்சி. மலத்தில் கிருமி இல்லை என்று பரிசோதனையில் உறுதியாகும்வரை வீட்டுக்கு விடமாட்டோம் என்றார்கள். அவள் எழுந்து உட்கார ஆரம்பித்த பிறகு ஒருநாள் முத்தையா அக்காவிடம் தானே சொன்னான். நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன். வண்டியை நிறுத்தியது, வரிசையைச் சுற்றி வந்தது, பெயர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

செல்லம்மா போர்வையை மடித்துக் காலடியில் வைத்தாள்.

“எம்பேரச் சொல்லவும் அவுக சிரிக்கலையா?” என்று கேட்டாள்.

“நிமிந்தே பாக்கல.”

“காய்ச்சல் ரொம்ப அடிச்சுச்சோ? ரெண்டு நாளாப் போர்த்திக்கிட்டுக் கெடந்தியே.”

“கொஞ்சந்தான்.”

“கஷாயத்துல மொளகக் கூடப் போட்டுட்டேன். குடிக்கிறப்ப மூஞ்சியச் சுளிச்சே” என்றாள் அவள். அவன் தலையில் கையை வைத்தாள். “அடுத்து என்ன வந்தாலும் எனக்குள்ளத என்னட்ட விட்டுரு தம்பி.”

வீட்டுக்கு வந்தபோது சந்து முழுதும் வாசலில் நின்றது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, பாயை எரித்து, பாத்திரங்களை எல்லாம் வேகவைத்திருந்தாள் பொன்னுத்தாயி. குழந்தையை வாங்கி மார்பில் வைத்தபோது பால் இல்லை. உடம்புத் தண்ணீர் எல்லாம் வற்றிய அந்த முதல் நாளிலேயே நின்றுபோயிருந்தது. குழந்தை சப்பிப் பார்த்துவிட்டு அழுதது. காதர் வீட்டம்மா சுறாக் கருவாடு வாங்கி வந்து புட்டு செய்து கொடுத்தார். பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார்கள். பப்பாளிக்காய், முருங்கைக்கீரை, யார் எது சொன்னாலும் செல்லம்மா மறுக்காமல் சாப்பிட்டாள். தினமும் குழந்தையை வைத்துப் பார்த்தாள். டாக்டரம்மாவைக் கேட்டேன். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது என்றார்.

முத்தையா உழவுக்கு ஊருக்குப் போய்விட்டான். பொன்னுத்தாயி போகவில்லை. அவளைப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, அவளும் கேட்கவில்லை.

வைகாசி கடைசியில் எங்கள் தெருவுக்கு ஊசிக்காரர்கள் வந்தார்கள். இந்தத் தடவை நர்சும் உடன் வந்திருந்தாள். செல்லம்மாவுக்கு இப்போதைக்கு வேண்டாம், உடம்பு தேறட்டும் என்றார்கள். பொன்னுத்தாயி வாசலுக்குப் போவதும் உள்ளே வருவதுமாக இருந்தாள். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கையை நீட்டினாள். போட்டு முடிந்ததும், “இம்புட்டுத்தானா?” என்றாள்.

ராத்திரிக்குள் கை தோள்வரை வீங்கிவிட்டது. காய்ச்சலும் இருந்தது. பால் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, தாராளமாகக் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஆனால் பொன்னுத்தாயியால் குழந்தையைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை.

செல்லம்மா அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, மீனாவை இரண்டு கையாலும் தூக்கி அவள் மார்பில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். குழந்தை குடித்துவிட்டுத் தூங்கியது.